கோட்டையூர்ப் பழைய வீட்டுக்கு கார்ட்லெஸ் டிரில்: எது வாங்கலாம், பூட்டிக் கிடக்கும் மாதங்களில் எங்கே வைக்கலாம்?

கோட்டையூரான்

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஐயா காலத்து வீடு காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் இருக்கிறது. பங்காளிகள் ஐந்து பேருக்கும் பொதுவான வீடு, இப்போது அங்கே குடியிருப்பவர் யாருமில்லை. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒரு தடவை ரயில் ஏறிப் போய், சனி ஞாயிறு இரண்டு நாளும் கதவு சன்னலைத் திறந்து காற்றாட விட்டு, கூட்டிப் பெருக்கி, கண்ணில் படுகிற சின்னச் சின்ன வேலைகளைச் செய்துவிட்டு வருவேன். சன்னல் கதவுகளில் கீல் ஸ்க்ரூ தளர்ந்தது மட்டுமே இருபதுக்கு மேல் இருக்கிறது. அப்புறம் இரண்டாங்கட்டில் கொசுவலைச் சட்டம் அடிக்க வேண்டும், சமையலறையில் ஒரு தட்டு, முகப்பில் கேமரா வயருக்கு கிளிப். ஆசாரியைக் கூப்பிட்டால் இந்த அளவு வேலைக்கு யாரும் வருவதில்லை, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அரை நாள் கூலிக்குக்கூட வேலை இருக்காது.

வயர் போட்ட டிரில் ஒன்று இருக்கிறது. ஆனால் முகப்பில் ஒரு பிளக் பாயிண்ட், பட்டாலை என்கிற கூடத்தில் ஒன்று, அவ்வளவுதான். வளவை, அதாவது நடு முற்றத்தையும் அதைச் சுற்றிய பகுதியையும், தாண்டிப் பின்கட்டுக்கு எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து, அதில் தடுக்கி விழாமல் ஏணியில் ஏறி வேலை செய்வதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. அதனால்தான் போன வருடம் இணையத்தில் ஒரு 12 வோல்ட் கார்ட்லெஸ் செட் வாங்கினேன். மார்ச் நடுவில் வேலை முடித்து, பேட்டரியை மெஷினிலேயே மாட்டியபடி மாடி அறை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டு விசேஷம், அலுவலகம் என்று மூன்று மாதம் ஊருக்குப் போக முடியவில்லை. சூலையில் போய் விசையை அழுத்தினால் உயிரே இல்லை. சார்ஜரில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது, பேட்டரி ஏறவே இல்லை. வாங்கிய இடத்தில் பேட்டரிக்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த முறை யோசித்து வாங்க நினைக்கிறேன். 12 போதுமா, 18 வேண்டுமா? சுவரில் ஓட்டை போட ஹேமர், அதாவது சுற்றிக்கொண்டே தட்டுகிற வசதி, அவசியமா? பேட்டரியைப் பூட்டிய வீட்டில் வைத்துவிட்டு வரலாமா, கையோடு சென்னைக்குக் கொண்டுவர வேண்டுமா? செத்த பேட்டரிக்கு வேறொரு பேட்டரியிலிருந்து வயர் தொட்டு உயிர் கொடுக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, செய்து பார்க்கலாமா?

தேவகோட்டை பட்டறை

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: செய்யாதீர்கள். ஏன் என்று நம் கூட்டத்தில் பேட்டரி படித்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் வந்து சொல்வார். நான் வாங்குகிற விஷயத்தைச் சொல்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருடமாக வீட்டுக் கொட்டகையில் மரவேலை செய்கிறேன்.

கார்ட்லெஸ் என்று வந்துவிட்டால் முதலில் பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள், மெஷின் அதன் பின்னால் வரட்டும். இன்று டிரில் வாங்குவீர்கள், அடுத்த வருடம் ஒரு சின்ன ரம்பமோ கிரைண்டரோ தேவைப்படும். அதே பேட்டரியில் ஓடுகிற வெறும் மெஷினை, அதாவது பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல், வாங்கினால் விலை பெரிய அளவில் குறையும். ஆனால் ஒரே கம்பெனி என்பதால் எல்லாம் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். பாஷ் நீல நிற மெஷினும் பச்சை நிற மெஷினும் இரண்டுமே 18 வோல்ட்தான், ஒன்றின் பேட்டரி மற்றொன்றில் ஏறாது. மகிடாவில் எல்.எக்ஸ்.டி. என்பது ஒரு குடும்பம், விலை குறைந்த ஜி வரிசை இன்னொரு குடும்பம், அதுவும் 18 வோல்ட், ஆனால் மாறி மாட்ட முடியாது. டெவால்ட்டில் வேறு கதை: அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்பதும் ஒரே பேட்டரிதான்.

இந்த 18, 20, 21 குழப்பம் தீர வேண்டுமென்றால் உள்ளே இருப்பதைப் பாருங்கள். ஒரு லித்தியம் செல் சராசரியாக 3.6 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18. முழுதாகச் சார்ஜ் ஏறியதும் ஒவ்வொன்றும் 4.2, ஆக மொத்தம் 21. 12 வோல்ட் என்று விற்பதில் மூன்று செல், உண்மையில் 10.8, முழுதாக ஏறினால் 12.6. சில பெட்டிகளில் 48 வி.எஃப்., 88 வி.எஃப். என்றெல்லாம் பெரிதாக அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். சார்ஜரைத் திருப்பி, வெளியே போகும் வோல்டேஜ் எவ்வளவு என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள். 21 என்று இருந்தால் உள்ளே ஐந்து செல்தான், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஒரு கடையில் எனக்கு 48 என்று சொல்லியே ஒன்றை விற்றார்கள், வீட்டுக்கு வந்து சார்ஜரைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. மனம் ரொம்பக் கஷ்டப்பட்டது, அதனால்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆம்பியர் அவர் என்பது தண்ணீர்த் தொட்டியின் அளவு மாதிரி. 18 வோல்ட் 2 ஆம்பியர் அவர் என்றால் பெருக்கி 36 வாட் அவர், 4 என்றால் 72. நாலு ஆம்பியர் பேட்டரியில் பெரும்பாலும் பத்து செல் இருப்பதால் எடை கூடும். நீங்கள் ஏணியில் நின்று சன்னல் கீல் முடுக்கப் போகிறீர்கள், பெரிய பேட்டரி ஒன்றுக்குப் பதிலாக 2 ஆம்பியரில் இரண்டு வாங்குங்கள். ஒன்று மெஷினில், ஒன்று சார்ஜரில்.

என் ஓட்டு 18 வோல்ட் டிரில் டிரைவருக்கு, பிரஷ்லெஸ் மோட்டார் கிடைத்தால் இன்னும் நல்லது. தேய்ந்துபோகிற கார்பன் பிரஷ் அதில் கிடையாது, அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும். தட்டித் தட்டி முடுக்குகிற இம்பாக்ட் டிரைவர் இப்போது வேண்டாம். நீள ஸ்க்ரூவுக்கு அது அருமையான கருவி, ஆனால் பழைய பித்தளை ஸ்க்ரூவில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் தலை தனியாக, உடம்பு தனியாக வந்துவிடும்.

பள்ளத்தூர் ஆச்சி

நான் அண்ணன் சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். 18 வோல்ட் மெஷினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஒரு மணி நேரம் வேலை செய்து பார்த்தால் மணிக்கட்டு பதில் சொல்லும். எங்கள் பள்ளத்தூர் வீட்டில் எட்டு வருடமாக ஒரு 12 வோல்ட் மெஷினை வைத்துத்தான் அத்தனை கதவும் சன்னலும் பார்த்திருக்கிறேன். அதன் முறுக்கு விசை 30 நியூட்டன் மீட்டர்தான். 18 வோல்ட்டில் 50, 60 வரை வரும். ஆனால் நம் வீட்டு வேலைக்கு அந்த விசை எங்கே தேவைப்படுகிறது என்று யோசியுங்கள். பழைய பர்மாத் தேக்கில் முதலில் ஓட்டை போட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூ முடுக்க வேண்டும், அப்படிச் செய்தால் சின்ன மெஷினே போதும், செய்யாமல் விசையை நம்பி முடுக்கினால் மரம் பிளக்கும். எட்டாம் நம்பர் ஸ்க்ரூ என்றால் 3 மில்லிமீட்டர் பிட்டால் ஓட்டை. பிட்டு சீக்கிரம் மழுங்கும், அதைக் கண்டு பயப்படாதீர்கள், தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருக்கிறது, இரும்பைத் தின்னும். பித்தளை ஸ்க்ரூ போடுவதென்றால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் புரி வெட்டிவிட்டு, மெழுகுவர்த்தியில் பித்தளையைத் தேய்த்து, கையாலேயே முடுக்குங்கள். பழைய ஸ்க்ரூவைக் கழற்றும்போதும் அப்படித்தான், மெஷினை எடுக்காதீர்கள். தலைக் கீறலில் அடைந்திருக்கும் பெயிண்டை ஊசியால் சுரண்டிவிட்டு, கீறலை நிறைக்கிற அகலமான ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தித் திருப்புங்கள்.

தளர்ந்த கீலுக்கு ஸ்க்ரூவைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டாம். ஓட்டையில் தேக்குச் சிம்பைப் பசை தடவி அடித்து, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் அதன் நடுவில் ஓட்டை போடுங்கள். பழைய ஸ்க்ரூவே நிற்கும்.

இப்போது சுவர். தம்பி, நான் மனசாரச் சொல்கிறேன், அந்த வீட்டுச் சுவரில் ஹேமரைப் போடாதீர்கள். நம் வீட்டுச் சுவர் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். அதன் மேல் கண்ணாடி மாதிரி பளபளக்கிற பூச்சு, சுண்ணாம்பை அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துச் செய்தது. நூறு வருடம் நின்ற அந்தப் பூச்சு, ஹேமர் அதிர்ச்சியில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழும். அதைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும், கிடைத்தாலும் பழைய நிறத்தோடு ஒட்டாது. எங்கள் பட்டாலையில் கேமரா மாட்ட வந்த பையன் அப்படி ஒரு இடத்தைப் பெயர்த்துவிட்டுப் போனான், இன்றைக்கும் அந்தப் பக்கம் பார்த்தால் வயிறு எரிகிறது.

என்ன செய்யலாம் என்றால், மாட்டுகிற இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஹேமரை அணைத்துவிட்டு, சாதாரணச் சுற்றில், கார்பைடு முனை பிட்டை மெதுவாக ஓட்டுங்கள். செங்கல் மென்மையானது, தானாக இறங்கும். செம்பொடி வந்தால் செங்கலில் இருக்கிறீர்கள், வெள்ளைப் பொடியே வந்துகொண்டிருந்தால் செங்கலுக்கு இடையிலுள்ள சுண்ணாம்பில் போகிறீர்கள், அது பிடிமானம் தராது, ஒரு இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டையில் செருகுகிற பிளக்கும் நீளமானதாக இருக்கட்டும், பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் உட்கார வேண்டும். கேமரா கிளிப்பை முடிந்தவரை உத்தரத்திலோ நிலையிலோ அடியுங்கள், சுவரையே தொட வேண்டாம்.

தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் கதவுக் கொண்டிக்கென்று அதில் ஓட்டையே போடாதீர்கள். அது சுட்ட கல் இல்லை, கண்ணாடி மேல் சாயத்தையும் சிமெண்டையும் ஊற்றிக் கையால் செய்து தண்ணீரில் ஊறவைத்தது, ஓரத்தில் சில்லு பெயர்ந்தால் அந்தப் பூ வடிவம் போனது போனதுதான். கொண்டியைப் பக்கத்து நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

செக்ரிப் பக்கத்து வீடு

என்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறேன். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில், நாமெல்லாம் செக்ரி என்று சொல்கிற இடத்தில், பி.டெக். படித்தவன். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த ஆய்வகம். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற ஊரிலேயே பேட்டரிகள் இப்படி வெயிலில் சாவது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் பேட்டரிக்கு இரண்டு கேடு சேர்ந்து வந்தன. முதலாவது, வேலை முடித்த கையோடு, அநேகமாகப் பாதிக்கும் கீழே இறங்கிய நிலையில், மெஷினில் மாட்டியபடியே விட்டீர்கள். லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் மெல்ல இறங்கும். மெஷினுக்குள் இருக்கிற எலெக்ட்ரானிக்ஸும் பேட்டரிக்குள் இருக்கிற பாதுகாப்புப் பலகையும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு செல் 2.5 வோல்ட்டுக்கும் வெகு கீழே இறங்கிவிட்டால் உள்ளே எதிர்முனைக்கு அடியில் இருக்கிற செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் போய்ப் படியும், இரு முனைகளையும் உள்ளுக்குள்ளேயே தொடவைக்கும். அப்படி ஆன செல் சார்ஜில் இருக்கும்போதோ, பிறகு ஒரு நாளோ சூடாகித் தீப்பற்றலாம். சார்ஜரின் சிவப்பு விளக்கு அதற்குத்தான் மறுக்கிறது. வயர் தொட்டு உயிர் கொடுக்கும் வீடியோக்காரர் அந்த மறுப்பைத்தான் ஏமாற்றுகிறார். ஆள் இல்லாத தேக்கு வீட்டில் அந்தப் பேட்டரி இருக்கவே கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, குப்பையில் போடாமல், பேட்டரி வாங்கிக்கொள்கிற மறுசுழற்சி இடத்தில் கொடுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு, நல்ல கம்பெனிகளின் சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வெயில். ஏப்ரல், மே மாதங்களில் நம் பக்கம் 40 டிகிரியைத் தொடும், வெயிலை நேராக வாங்குகிற மாடி அறை அதற்கும் மேலே போகும், அலமாரிக்குள் காற்றும் அசையாது. சூடு ஏற ஏற பேட்டரிக்குள் வேண்டாத வேதிவினைகள் வேகமெடுக்கும், கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சூட்டில் வைப்பது இன்னும் மோசம், நிறையப் பேர் "நிறைத்து வைத்தால் நல்லது" என்று நினைத்துச் செய்வது அதுதான்.

ஆகவே நீண்ட நாள் வைப்பதற்கு: பேட்டரியில் சார்ஜ் காட்டுகிற நாலு விளக்கில் இரண்டு அல்லது மூன்று எரிகிற அளவில், மெஷினிலிருந்து கழற்றி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில். மகிடா கையேட்டில் ஆறு மாதத்துக்கு மேல் பயன்படுத்தாமல் இருந்தால் சார்ஜ் செய்யச் சொல்கிறார்கள், நம் வெயிலுக்கு நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்வேன். சார்ஜ் செய்வதும் 10க்கும் 40க்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான். முற்றத்து வெயிலில் வேலை செய்து சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் செருகாதீர்கள், கையில் தொட்டால் வெதுவெதுப்பு தெரியாத வரை நிழலில் ஆறட்டும்.

சிராங்கூன் மாமா

இதைப் படித்துவிட்டு யாராவது சிங்கப்பூர், மலேசியா சொந்தங்களிடம் வாங்கிவரச் சொல்வீர்கள், நானே தேவகோட்டைக்கு இரண்டு செட் கொண்டுபோயிருக்கிறேன். மெஷினை லக்கேஜில் போடலாம். தனிப் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளுக்கு மூடியோ டேப்போ போட்டு. 100 வாட் அவருக்குள் இருந்தால் முன் அனுமதி தேவையில்லை, 18 வோல்ட் 5 ஆம்பியர் பேட்டரி 90தான், தாராளமாகப் போகும். 100 முதல் 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி கேட்க வேண்டும், இரண்டுக்கு மேல் விடமாட்டார்கள். இங்கே சார்ஜர் 230 வோல்ட், ஊரிலும் அதேதான், பிளக் மட்டும் சதுரக் கால் மூன்று, அதற்கு ஒரு மாற்றி போதும். அமெரிக்காவிலிருந்து வரும் சார்ஜர் 120 வோல்ட்டுக்கானது, அதை நேராக நம் பிளக்கில் செருகினால் அப்போதே புகைந்துவிடும். வாரண்டி நாடு விட்டு நாடு செல்லுமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், எனக்கு ஒரு தடவை செல்லவில்லை.

கோட்டையூரான்

அண்ணே, ஆச்சி, மாமா, எல்லோருக்கும் நன்றி. செத்த பேட்டரியை இன்றே வீட்டை விட்டு எடுத்துவிட்டேன், முனைகளில் டேப் ஒட்டி பால்கனியில் மண்சட்டியில் வைத்திருக்கிறேன், சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

ஹேமர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் முகப்பு முழுக்க அந்தப் பூச்சுதான், அப்பத்தா அதைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆச்சி எழுதியதைப் படித்தபோது, தெரியாமல் எவ்வளவு பெரிய தப்பைச் செய்ய இருந்தேன் என்று பதறிவிட்டது.

12ஆ 18ஆ என்பதில் ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். மூடிக் கிடப்பதால் மாதம் ஒரு தடவை போகும்போது வளவு முழுக்கத் தூசி, ஒட்டடை, ஓட்டு இடுக்கில் வௌவால் எச்சம். அதைப் பெருக்கவே முதல் நாள் போய்விடுகிறது. பேட்டரியில் ஓடுகிற, தூசியை ஊதித் தள்ளும் புளோயர் ஒன்று வாங்கினால் உதவுமா? அது 12இல் வேலைக்கு ஆகுமா?

இன்னொன்று, பேட்டரியைச் சென்னைக்குக் கொண்டுவரலாம்தான், ஆனால் நான் இருப்பது நாலாவது மாடி, மொட்டை மாடிக்கு நேர் கீழே. மே மாதம் அடுப்பு மாதிரி இருக்கும்.

தேவகோட்டை பட்டறை

புளோயர் என்றால் 18 வோல்ட் என்று முடிந்துவிட்டது தம்பி. 12இல் கிடைப்பது மேசைத் தூசி ஊதத்தான் ஆகும். வௌவால் எச்சத்தை மட்டும் காய்ந்தபடியே ஊதிவிடாதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்குக் கெடுதல், தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வாரி எடுத்துவிட்டு, மிச்சத் தூசிக்கு புளோயர். ஊதும்போது எதிர்ச் சன்னலைத் திறந்து வையுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

புளோயர் வேண்டும் என்றால் சரி, 18 வாங்குங்கள், நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அண்ணன் சொன்னபடி 2 ஆம்பியர் பேட்டரிதான், தலைக்கு மேல் வேலைக்கு அதைத்தான் மாட்ட வேண்டும். அளவுக்கு மேல் முடுக்காமல் தடுக்கிற கிளட்ச் வளையத்தைக் குறைந்த எண்ணில் வைத்து ஆரம்பித்து, ஸ்க்ரூ நிற்கவில்லை என்றால் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்.

வைக்கிற இடத்துக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வளவைச் சுற்றியுள்ள கீழ் அறைகளில், சுவர் வெளியே தெரியாமல் நாலு பக்கமும் அறையோ வளவோ சூழ்ந்த அறை ஒன்று கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் பாத்திர அறை. அதுதான் வீட்டிலேயே குளிர்ந்த இடம். அதில் பழைய ஊறுகாய் ஜாடி இருக்கும் இல்லையா, பெரிய பீங்கான் ஜாடி, அதைக் கழுவி நன்றாகக் காயவைத்து அதில் பேட்டரியை வைத்தால் என்ன என்று எனக்கு வெகு நாளாக ஒரு எண்ணம். செக்ரித் தம்பி சொல்லட்டும்.

செக்ரிப் பக்கத்து வீடு

நல்ல யோசனை ஆச்சி. பீங்கான் மின்சாரம் கடத்தாது, எரியாது, எலி கடிக்காது. மூன்று விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். மூடியை இறுக்காமல் சும்மா மேலே வையுங்கள், கோளாறாகிப் பேட்டரி வாயு கக்கினால் வெளியேற வழி வேண்டும். ஜாடி வெறும் தரையில் இருக்கட்டும், மரப் பெட்டகத்துக்குள்ளோ துணி, பாய் பக்கத்திலோ வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்த அறை ஈரம் காக்கும், அதனால் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, போகும்போதெல்லாம் மாற்றுங்கள். பேட்டரியோடு ஆணி, பிட்டு எதையும் ஒரே ஜாடியில் போடாதீர்கள், முனைகளுக்கு அதன் பிளாஸ்டிக் மூடி கட்டாயம்.

மெஷினுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. பிட்டைக் கவ்விப் பிடிக்கிற சக்கின் தாடைகளையும் பிட்டுகளையும் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பெட்டியில் வையுங்கள், தேங்காய் எண்ணெய் போட்டால் பிசுக்குப் பிடிக்கும். பெட்டியை நேராகத் தரையில் வைத்தால் கரையான் வரும், ஒரு கல் மேல் வையுங்கள். சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு வாருங்கள், இடி மழைக் காலத்தில் மெயினை அணைத்தாலும் வயர் தொங்க வேண்டாம்.

வீடா சென்னையா என்பதற்கு நான் ஊகித்துச் சொல்லமாட்டேன். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தை நினைவில் வைக்கிற சின்ன வெப்பமானி மூன்று வாங்குங்கள். பாத்திர அறையில் ஒன்று, மாடி அறையில் ஒன்று, சென்னை வீட்டில் ஒன்று. ஒரு மாதம் வைத்துப் பாருங்கள்.

கோட்டையூரான்

தாமதமாக எழுதுகிறேன், மே மாதம் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான்.

கோட்டையூர் மாடி அறை அதிகபட்சம் 43 காட்டியது. சென்னை வீட்டில் படுக்கையறை அலமாரி 38. பாத்திர அறை 32ஐத் தாண்டவே இல்லை, அங்கே பகலுக்கும் இரவுக்கும் மூன்று டிகிரிகூட வித்தியாசம் இல்லை. இந்த மூன்று எண்ணையும் பங்காளிகள் குழுவில் போட்டேன். வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினார்.

18 வோல்ட் பிரஷ்லெஸ் டிரில், 2 ஆம்பியர் பேட்டரி இரண்டு, அதே குடும்பத்தில் வெறும் புளோயர் வாங்கியிருக்கிறேன். வாங்கும்போது சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன், 21 இருந்தது, பெட்டியிலும் 18 என்றுதான் நேர்மையாகப் போட்டிருந்தார்கள். பதினோரு சன்னல் முடிந்தது, இன்னும் ஒன்பது. தேக்குச் சிம்பு அடித்த கீல்கள் கல் மாதிரி நிற்கின்றன.

பேட்டரிகள் ஜாடியில் இருக்கின்றன, மூன்று விளக்கில். எந்தத் தேதியில் வைத்தேன் என்று ஒரு சீட்டில் எழுதி மூடியில் ஒட்டியிருக்கிறேன். என்னால் போக முடியாத மாதத்தில் சித்தப்பா மகன் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.